படைக்கு எந்த ட்யூப்னு சேர்த்து எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வெயில் காலத்துல வர்ற தோல் வியாதி பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. வேர்க்குரு, வேனக்கட்டி, படர்தாமரை எல்லாம் வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா படர்தாமரைன்னு வர்றப்போ பக்கத்து மருந்துக் கடையில ஒரு க்ரீம் வாங்கித் தடவுனா சரியாயிரும்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடுதாசி. நான் திருப்பூர்ல மெடிக்கல் வச்சிருக்கேன், பார்மசி படிச்சிட்டு கவுண்டர்ல நிக்கற ஆளு, நீங்க சொல்ற அந்த பக்கத்து மருந்துக் கடை என்னை மாதிரி ஆளுங்களோடதுதானுங்க. அங்க என்ன க்ரீம் போகுதுன்னு தெரிஞ்சா அந்த வரிய அப்படி எழுதியிருக்க மாட்டீங்க.

எங்க ஊர்ல இந்தப் படர்தாமரைக்கு, அதான் படைன்னு சொல்றோமே அதுக்கு, பஞ்சமே இல்ல. பனியன் கம்பெனியில ஒன்னரை ஷிப்ட் பாக்கறவங்க காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வர்றாங்க, அயர்ன் டேபிள்கிட்டயும் காம்பாக்டிங் மிஷின்கிட்டயும் நிக்கறவனுக்கு வேர்வை காயவே காயாது, அதுக்கு மேல ஜீன்ஸ் பேண்ட் வேற, ராத்திரி போயி படுக்கறது லைன் வீட்டுல ஒரு ரூம்ல ஆறு பேரு, துண்டு ஒன்னு ரெண்டுதான் சுத்தும். அதனால ராத்திரி ஒம்பது மணிக்கு மேல எங்க கடையில படை, சொறி, அரிப்புதான் கேஸு. ஒடிசா பீகார் பசங்க படைக்கு மருந்து குடுங்கன்னு இந்தியில தாத் கா தவா தோன்னு கேப்பாங்க, நம்மாளுங்க பாதிப் பேரு வாயத் தொறந்து கேக்கக்கூட கூச்சப்பட்டுட்டு போனை எடுத்து நீட்டுவாங்க, அதுல யாரோ வாட்ஸ்அப்ல அனுப்புன ட்யூப் போட்டோ இருக்கும். இல்லன்னா பாக்கெட்டுல இருந்து அடியில இருந்து சுருட்டி நசுக்கி எழுத்தெல்லாம் தேஞ்சு போன காலி ட்யூப் ஒன்னு வெளிய வரும், அண்ணா இதே ஒன்னு குடுங்கன்னு.

அந்த ட்யூப்புங்க பத்துக்கு ஏழெட்டு ஒரே ஜாதிதான். ஒரு ஸ்டீராய்டு (ஒடம்போட எதிர்ப்பை அமுக்கற மருந்து), ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சைக் கொல்லி, மூணும் ஒன்னாக் கலந்தது. பின்னாடி பொடி எழுத்துல பாத்தீங்கன்னா குளோபெட்டசால், நியோமைசின், மைகோனசோல்னு இருக்கும், இல்லன்னா பீட்டாமெத்தசோன், ஜென்டாமைசின், கிளோட்ரிமசோல்னு இருக்கும். சிலதுல நாலு. வாங்கறவங்க கணக்கு என்னன்னா, மூணு மருந்து இருக்குல்ல, எதாவது ஒன்னு கேக்காதா. கேக்கறதுக்கு நியாயமாத்தான் தெரியும். ஆனா படைங்கறது பூஞ்சையால வர்றது, அதுக்கு வேலை செய்யறது அந்த மூணுல ஒன்னே ஒன்னுதான். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு, படையில அதுக்கு ஒரு வேலையும் இல்ல, சும்மா தோல் மேல தடவித் தடவி அங்க இருக்கற மத்த கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடறதுதான் மிச்சம். இதுல நியோமைசின் வேற நிறைய பேருக்கு அலர்ஜி பண்ணும், 2010ல அமெரிக்காவுல தோல் அலர்ஜி டாக்டருங்க சங்கம் அந்த வருஷத்தோட அலர்ஜிப் பொருள்னு நியோமைசினைத்தான் அறிவிச்சாங்க. அரிப்புக்குப் போட்ட மருந்தே அரிப்பைக் கெளப்பும், அது மருந்தோட வேலைன்னு தெரியாம இன்னும் கொஞ்சம் சேத்துத் தடவுவாங்க.

மூணாவதுதான் விவகாரம், ஸ்டீராய்டு. குளோபெட்டசால்ங்கறது தோல்ல போடற ஸ்டீராய்டுலயே உச்சத்துல இருக்கற பவர், பவர் கொறஞ்ச ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனோட பல நூறு மடங்கு. படையில வர்ற செவப்பும் அரிப்பும் இருக்கே, அது முக்கியமா நம்ம ஒடம்பு அந்தப் பூஞ்சையோட சண்டை போடறதால வர்றது. ஸ்டீராய்டு அந்தச் சண்டைய நிறுத்திரும். அதனாலதான் தடவுன மறுநாளே அரிப்பு அடங்கி மூணாம் நாள் செவப்பு மங்கி, ஆஹா என்ன மருந்துடான்னு தோணுது. பூஞ்சை எங்கயும் போகலீங்க. குரைக்கற சத்தம் தொல்லையா இருக்குன்னு நாய்க்கு வாயக் கட்டிட்டு வாசலைத் தொறந்து போட்டு படுத்த கதைதான்.

சரி, அதுலயே பூஞ்சைக் கொல்லியும் இருக்குதே அது கொன்னுராதான்னு படிச்சவங்களே என்கிட்ட கேட்டிருக்காங்க. இங்கதான் உங்க வாசகர்கள் கொஞ்சம் நின்னு கவனிக்கணும். பூஞ்சை மருந்து வேலை செய்ய வாரக்கணக்கு ஆகும், பாக்கறதுக்கு தோல் நல்லா ஆன பொறவும் ரெண்டு வாரம் விடாம தடவுங்கன்னுதான் தோல் டாக்டருங்க சொல்றாங்க, எல்லாம் சேத்தா மாசம் ஆயிரும், அதுக்கு மேலயும் போகும். ஆனா குளோபெட்டசாலை சேந்தாப்புல 2 வாரத்துக்கு மேல தடவக் கூடாதுன்னு அதோட லேபிள்லயே இருக்குது. ஆக ஒரே ட்யூப்புக்குள்ள இருக்கற ரெண்டு மருந்துல ஒன்னு மாசம் முழுக்க வேணும், இன்னொன்ன அதுக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்தியாகணும். முழுசாத் தடவுனா தோல் கெடும், சீக்கிரம் நிறுத்துனா பூஞ்சை சாவாது. எப்படித் தடவுனாலும் தப்பாப் போறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுங்க படைக்கு இந்தக் கலவை. நடைமுறையில நம்மாளுங்க நாலு நாள் தடவுவாங்க, அரிப்பு நின்னுரும், ட்யூப்பை டிவி பொட்டி மேல வச்சிருவாங்க, பத்து நாள்ல மறுபடி வரும், முன்ன இருந்ததை விட பெருசா வரும், மறுபடி நாலு நாள். இப்படியே வருஷம் ஓடுது.

கட்டிங் செக்ஷன்ல வேலை பாக்கற பையன் ஒருத்தன், கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துட்டு இருந்தாங்க, ட்யூப் வேணும்னு வந்தான். குடுக்க மாட்டேன்னு சொன்னதும் கோவப்பட்டுட்டு சட்டையத் தூக்கி இடுப்பைக் காட்டுனான், பாருங்கண்ணா எவ்ளோ இருக்குது நீங்க பாட்டுக்கு இல்லன்னு சொல்றீங்கன்னு. சாதாரணப் படைன்னா ஒரு வட்டம் இருக்கும், ஓரத்துல செவப்பா பொரிப்பொரியா, நடுவுல சுத்தமா. அவனுக்கு வட்டத்துக்குள்ள வட்டம், அதுக்குள்ள இன்னொன்னு, அரணாக்கயிறு உக்கார்ற எடம் முழுக்க ரோஸ் கலர்ல கோலம் போட்ட மாதிரி பரவி முதுகுப் பக்கம் போயிட்டிருந்துச்சு. ஸ்டீராய்டு தடவறதும் நிறுத்தறதுமா இருந்தா அப்படி ஆகும், ஒவ்வொரு தடவை நிறுத்தறப்பவும் பூஞ்சை புதுசா ஒரு வட்டம் போடும். இன்னும் சிலருக்கு ஓரமே இல்லாம மங்கலா பரவியிருக்கும், பாத்தா படைன்னே தெரியாது. அதுக்குன்னு தனியா டினியா இன்காக்னிட்டோன்னு ஒரு பேரே இருக்குது, 1968லயே இங்கிலாந்து டாக்டருங்க எழுதி வச்சிட்டாங்க, அப்பவே இந்தக் கூத்து தெரிஞ்சிருக்குது. டாக்டரே குழம்பிப் போயி சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்துத்தான் சொல்ல வேண்டியதா ஆயிருது. அந்தப் பையனை பெரியாஸ்பத்திரி தோல் ஓபிக்கு அனுப்பி வச்சேன், போயிட்டு வந்து சீட்டைக் காட்டிட்டுப் போனான், மாத்திரையும் வெறும் பூஞ்சை க்ரீமும்தான் எழுதியிருந்தாங்க.

தோல் கெடும்னு சொன்னேன்ல, அது எப்படின்னா மொதல்ல மெலிஞ்சு போகும், வெங்காயத் தோல் கணக்கா உள்ள இருக்கற நரம்பெல்லாம் தெரியும். தொடை இடுக்கு, கக்கம், மார்புக்குக் கீழ, இங்கெல்லாம் தோல் மடிஞ்சு ஒட்டிக் கெடக்கறதால மருந்து பல மடங்கு உள்ள இறங்கும். படை வர்றதும் அங்கதான் ஜாஸ்தி, அதுதான் கொடுமை. பிரசவம் ஆனவங்களுக்கு வயித்துல வருமே கோடு கோடா, அது மாதிரி இருபது வயசுப் பையனுக்குத் தொடையில வரும், செவப்பா ஆரம்பிச்சு அப்புறம் வெள்ளையா நின்னுக்கும், அது போகவே போகாது. படையாவது வைத்தியம் பாத்தாப் போகும், இந்தக் கோடு ஆயுசுக்கும் இருக்கும்.

முகத்துல தடவறது இன்னொரு பக்கம். படையே இல்லாதவங்க. மொதல்ல பருவுக்கோ தேமலுக்கோ போட்டிருப்பாங்க, ரெண்டு நாள்ல முகம் வெளுத்து பளபளன்னு ஆனதும் அதையே தெனம் போடற க்ரீமாக்கிருவாங்க. விட்டா முகம் செவந்து எரிச்சல், வெயில்ல போக முடியாது, பரு கூட்டங்கூட்டமா வரும், பொம்பளைப் புள்ளைங்களுக்கு முகத்துல முடி வளரும், அதைப் பாத்து பயந்து மறுபடி அதே ட்யூப். நம்ம நாட்டுல 12 தோல் சிகிச்சை மையத்து டாக்டருங்க சேந்து பண்ணி 2011ல வெளியான ஆய்வுல, முகத்துல பிரச்சனைன்னு வந்த 2926 பேர்ல 433 பேரு ஸ்டீராய்டு தடவிட்டு இருந்தவங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க கணக்கு அது, வராம வீட்டுல இருக்கறவங்க எத்தனையோ. கண்ணைச் சுத்தி ரொம்ப நாள் தடவுனா கண்ணுல பிரஷர் ஏறும், புரை விழும், அதையும் சொல்லி வைக்கறேன்.

கைக்குழந்தை சமாச்சாரம் இதை விட மோசம். டயாபர் போட்ட எடத்துல செவந்து போச்சுன்னா பாட்டிமாருங்க வீட்டுல இருக்கற ட்யூப்பை எடுத்துத் தடவச் சொல்லிருவாங்க, எங்க பையனுக்குப் போட்டோம் நல்லா கேட்டுச்சுன்னு. அது மேல டயாபரைப் போட்டு இறுக்குனா மருந்து ஜாஸ்தியா ரத்தத்துக்குள்ள போகும். குழந்தை கன்னம் உப்பி உடம்பு வச்ச மாதிரி தெரியும், பொசுபொசுன்னு ஆயிட்டான்னு சந்தோஷப்படுவாங்க, ஆனா உள்ள அது ஒடம்பு தானா சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு நின்னு போயிருக்கும், அந்த நேரத்துல ஒரு காய்ச்சல் வந்தா தாங்காது. கிளோட்ரிமசோலும் பீட்டாமெத்தசோனும் கலந்த க்ரீமுக்கு அமெரிக்கா லேபிள்ல 17 வயசுக்குக் கீழ வேண்டாம், டயாபர் புண்ணுக்கு வேண்டவே வேண்டாம்னு அச்சடிச்சிருக்குது. அங்க 17 வயசு, இங்க 7 மாசக் குழந்தைக்கு.

இதையெல்லாம் தடுக்க சட்டம் இல்லியான்னா இருக்குதுங்க, நல்லாவே இருக்குது. 2016 மார்ச்சுல மத்திய அரசு 344 கலவை மருந்துகளைத் தடை பண்ணுச்சு, கம்பெனிக்காரங்க டெல்லி ஹைகோர்ட் போனாங்க, டிசம்பர்லயே தடை ரத்து, அப்புறம் சுப்ரீம் கோர்ட், நிபுணர் குழு, எல்லாம் முடிஞ்சு 2018 செப்டம்பர்ல 328 கலவைங்களுக்கு மறுபடி தடை வந்துச்சு. அந்த லிஸ்ட்ல தோல் க்ரீமும் நிறைய. குளோபெட்டசால், ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின்னு நாலு மருந்து கலந்தது அதுல ஒன்னு. ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் என்னன்னா லூஸ் மோஷனுக்குக் குடுக்கற மாத்திரையில இருக்கறது, அதைக் கொண்டு வந்து படை மருந்துல போட்டு வித்தாங்க, எந்தப் புத்தகத்தைப் பாத்துட்டுன்னு கேக்க ஆளில்ல. அதே 2018 மார்ச்சுல 14 ஸ்டீராய்டு தோல் மருந்துங்களை ஷெட்யூல் எச்ல சேத்தாங்க, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது. சரி, அப்புறம் என்ன ஆச்சு. தடையில மாட்டுன ட்யூப்புங்க உள்ள ஒரு மருந்தை எடுத்துட்டு இன்னொன்னைப் போட்டு, கிட்டத்தட்ட அதே பேருல அதே கலர் அட்டையில வந்து நின்னுச்சு. வாங்கறவனுக்குப் பேருதான் தெரியும், உள்ள மாறுனது தெரியாது. சீட்டு வேணுங்கறது அட்டையில செவப்புக் கோடா இடது பக்கம் இருக்குது, படிக்கறவங்களுக்குத் தெரியும்.

எங்க வியாபாரத்தையும் சொல்லணும்ல. நான் சீட்டு கேட்டா எதிர் வரிசையில இன்னொரு கடை இருக்குது, அங்க கேக்காமக் குடுப்பாங்க, நாளைக்கு அந்த ஆளு காய்ச்சல் மாத்திரைக்கும் அங்கதான் போவான். டாக்டர்கிட்ட போனா ஃபீஸு, அரை நாள் சம்பளம் போகும், தோல் டாக்டர்னா இன்னும் கூட. அவன் எண்பது ரூவா ட்யூப்புல முடிக்கத்தான் பாப்பான், அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஆனா மருந்து ஆய்வாளர்கள் ஷெட்யூல் எச்1ங்கற இன்னும் கண்டிப்பான மருந்து லிஸ்ட்டோட ரெஜிஸ்டர் எழுதியிருக்கியா தூக்க மாத்திரை கணக்கு சரியான்னு பாக்கற அளவுக்கு இந்த ட்யூப்புங்க பில்லையும் பாத்தா, எல்லாக் கடையும் ஒரே மாதிரி நடக்கும், நான் மட்டும் நல்லவனா இருந்து நட்டப்பட வேண்டியதில்ல. இதுல எனக்கு சுயநலம் இருக்குதுதான், மறைக்கல.

இந்தப் பத்து வருஷத்துல படையே மாறிப் போச்சு, அதையும் உங்க கட்டுரையில போட்டிருக்கணும். முன்னெல்லாம் ஒரு க்ரீம், அதுக்கும் கேக்கலன்னா டெர்பினாஃபின் மாத்திரை, தீர்ந்துச்சு. இப்ப அந்த மாத்திரைக்கு அசையாத பூஞ்சை வந்திருக்குது. இந்தியா நேபாளத்தைச் சேந்த நோயாளிங்ககிட்ட எடுத்ததை வச்சு 2020ல ஜப்பான்காரங்க அதுக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியேன்னு பேரு வச்சாங்க. 2023 மே மாசம் நியூயார்க்ல ரெண்டு பேருக்கு இது வந்திருக்குன்னு அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையம் சிடிசி அறிக்கை விட்டுச்சு, அதுல ஒருத்தங்க சமீபத்துல வெளிநாடு எதுக்கும் போகாதவங்க. நம்ம பக்கம் இது இப்படி பெருகுனதுக்கு இந்தக் கலவை ட்யூப்புங்களும் ஒரு காரணம்னு தோல் டாக்டருங்க ரொம்ப நாளா சொல்லிட்டுத்தான் இருக்காங்க, அரையும் குறையுமா பூஞ்சை மருந்து, கூடவே ஒடம்போட எதிர்ப்பை அமுக்கற ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு இதை விட நல்ல பயிற்சி கிடைக்காது.

இதுக்காக கலவை க்ரீமே விஷம்னு நான் சொல்ல வரல. கரப்பான் (எக்ஸிமா) வந்து சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகி சீழ் வச்சிருச்சுன்னா ஸ்டீராய்டும் வேணும் கிருமி மருந்தும் வேணும், அங்க டாக்டர் கொஞ்ச நாளைக்கு இதை எழுதுவாரு, சரிதான். அப்படி எழுதிக் குடுத்தா எத்தனை நாளு, எந்த எடத்துல, ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு அங்கயே கேட்டு சீட்டுல எழுதி வாங்கிக்கங்க, டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு. அளவு தெரியலன்னா ஆள்காட்டி விரல்ல நுனிக்குப் பக்கத்துல இருக்கற மடிப்புல இருந்து நுனி வரைக்கும் ஒரு கோடு பிதுக்குனா ஏறக்கொறைய அரை கிராம் வரும், அது பெரியவங்க விரலையும் சேத்து ரெண்டு உள்ளங்கை அளவு எடத்துக்குப் போதும், அதுக்கு மேல சுண்ணாம்பு அடிக்கற மாதிரி அப்பத் தேவையில்ல. மேல துணி சுத்தி பிளாஸ்திரி ஒட்டக் கூடாது, டாக்டர் சொன்னா ஒழிய. சொன்ன நாள் முடிஞ்சதும் ட்யூப்புல மிச்சம் இருந்தா தூக்கிப் போடுங்க, அதை அண்ணிக்கும் மச்சானுக்கும் தானம் பண்றதுலதான் பாதிப் பேருக்கு இது ஆரம்பிக்குது. ஏற்கனவே மாசக்கணக்கா தடவிட்டு இருக்கறவங்க, குறிப்பா முகத்துல, இதைப் படிச்சிட்டு இன்னைக்கே டக்குன்னு நிறுத்திராதீங்க, முகம் பயங்கரமா செவந்து எரியும், தோல் டாக்டரைப் பாத்து பவர் கொறஞ்சதுக்கு மாத்தி மெதுவாத்தான் விடணும்.

படைன்னா கடையில கேக்க வேண்டியது ஸ்டீராய்டு கலக்காத வெறும் பூஞ்சை க்ரீம், கிளோட்ரிமசோல், மைகோனசோல், லூலிகோனசோல், இதுல ஏதாச்சும் ஒன்னு மட்டும் இருக்கற ட்யூப். பேருங்க குழப்பும், கிளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, குளோபெட்டசால் ஸ்டீராய்டு, அவசரத்துல படிச்சா ரெண்டும் ஒன்னு மாதிரி இருக்கும், அதனால ஒன்னுக்கு மேல பேரு இருந்தாலே இதுல ஸ்டீராய்டு இருக்குதான்னு கடைக்காரர்கிட்ட நேரா கேளுங்க. வட்டத்துக்கு வெளிய ரெண்டு சென்டிமீட்டர் தள்ளியும் சேத்துத் தடவணும், ஓரத்துலதான் பூஞ்சை ஓடிட்டு இருக்கும். ரொம்ப எடத்துல பரவியிருந்தா, முகத்துலயோ தலையிலயோ இருந்தா, குழந்தைன்னா, சுகர் இருந்தா, மாசமா இருந்தா, ரெண்டு வாரமாத் தடவியும் கொறையலன்னா ஆஸ்பத்திரிதான். எங்க ஊர் பெரியாஸ்பத்திரி தோல் ஓபியில காசு ஒன்னும் வாங்கறதில்ல, கூட்டம் இருக்கும், காலையில போயிரணும், அவ்வளவுதான்.

அப்புறம் இந்த அரணாக்கயிறு. எங்க பக்கம் ஆம்பளைங்க இதை அவுக்கச் சொன்னா சண்டைக்கே வருவாங்க. ஆனா இடுப்புப் படை திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு அந்தக் கயித்துலயே பூஞ்சை உக்காந்துட்டு இருக்கும், கழுவுனாலும் காயாது, தாயத்துக் கயிறும் அப்படித்தான். வைத்தியம் முடியற வரைக்குமாவது கழட்டி வைங்க, இல்ல வெள்ளியில மாத்தி தெனம் சோப்பு போட்டுத் தொடச்சு காயவிடுங்க, சாமி ஒன்னும் சொல்லாது. ஜட்டியும் துண்டும் ஆளாளுக்குத் தனியா, சுடுதண்ணியில தொவச்சு வெயில்ல உள்பக்கம் வெளிய திருப்பிக் காயப்போட்டு முடிஞ்சா அயர்ன் பண்ணிப் போடுங்க, அயர்ன் பாக்ஸுக்கா திருப்பூர்ல பஞ்சம். வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா எல்லாரும் காட்டிக்கங்க, இல்லன்னா இவருகிட்ட போறதும் அவருகிட்ட இருந்து வர்றதுமாவே இருக்கும்.

ஆசிரியர்கிட்ட நான் கேக்கறது ஒன்னுதான். அந்தக் கட்டுரையில பாதிப் பேரு படிச்சது அந்த ஒரு வரியத்தான், மறுநாளே ரெண்டு பேரு உங்க பேப்பரைக் கிழிச்சு எடுத்துட்டு வந்து கடையில காட்டுனாங்க. அதனால திருத்தம்னு ஏதோ மூலையில போடாம அதே எடத்துல ஒரு பெட்டிச் செய்தியாப் போடுங்க, படைக்கு ஸ்டீராய்டு கலந்த ட்யூப் வாங்காதீங்கன்னு. படம் போடறதா இருந்தா ட்யூப்போட முன்பக்கம் வேண்டாம், கம்பெனிக்கு ஓசி விளம்பரம் ஆயிரும். பின்பக்கத்தைப் போட்டு, மருந்துப் பேரு இருக்கற அந்தப் பொடி எழுத்தை மட்டும் பெருசாக்கி, எங்க பாக்கணும்னு அம்புக்குறி போட்டுக் காட்டுங்க.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் கடைக்காரன்,
திருப்பூர்.